தையல்காரம்மா வீட்டு மீட்டர்

தையல்காரம்மா வீட்டு லைனைத் துண்டித்துவிடுவது என்று கூட்டத்தில் முடிவாகிவிட்டது. போய்ச் சொல்லும் வேலை வழக்கம்போல செயலாளர் தலையில் விழுந்தது.

முப்பது வீடுகள் சேர்ந்து பொதுக்கூடத்து மொட்டைமாடியில் போட்ட சோலார் அது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே பேட்டரி. ஒரு வீடு இஷ்டத்துக்கு இழுத்தால் சாயங்காலம் ஏழு மணிக்கே முப்பது வீடும் இருட்டில் உட்கார வேண்டியதுதான். இந்த மாதம் நாலு தடவை அப்படி ஆகிவிட்டது. இன்னொரு தடவை ஆனால் பழைய கரண்டுக்கே போய்விடுவோம் என்று பாதிப் பேர் கொடி பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

செயலாளருக்கு அந்த சோலார் பெற்ற பிள்ளை மாதிரி. மூன்று வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி, கெஞ்சி, சண்டை போட்டுக் கொண்டுவந்தது. நல்ல மனுஷர்தான். எதையும் யூனிட் கணக்கில் பார்ப்பார், அவ்வளவுதான். தெருவில் அவருக்கு 'யூனிட்' என்றே பேர்.

போனபோது தையல்காரம்மா காலர் தைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்ல ஒரே ஆள். ஆறு பேர் இருக்கற வீட்டைவிட ஜாஸ்தி ஓடியிருக்கு. எப்படிம்மா?"

"இனிமே குறைச்சுக்கறேன் அண்ணா."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. நாளைக்குக் காலையில கட் பண்றாங்க."

தையல் மெஷின் நின்றது. கரண்ட் இல்லாவிட்டால் அது ஓடாது, அது ஓடாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அது செயலாளருக்கும் தெரியும். மனசு கேட்கவில்லை.

"ஏதாவது காரணம் இருந்தா சொல்லுங்க. கூட்டத்துல நானே பேசறேன்."

"காரணம் ஒண்ணும் இல்லண்ணா. கட் பண்ணிக்கட்டும்."

என்ன அழுத்தம் என்று அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தன் வீட்டுப் பெருமையை எடுத்துவிட்டார். சோலார் வந்த அன்றே வாஷிங் மெஷினை விற்றது, பொதுக்கூடத்தில் மாசாமாசம் கணக்கு எழுதிப்போடும் போர்டில் எட்டு மாதமாகக் குறைந்த யூனிட் வீடு தன் வீடுதான் என்பது, எல்லாம் வந்தது.

"என் சம்சாரம் அத்தனையும் கையாலதான் துவைக்கிறா. மனசு வெச்சா முடியும்மா."

தையல்காரம்மா தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே ஏதோ மெஷின் சுற்றி ஓய்ந்த சத்தம் கேட்டது.

பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு, ஈரத் துணி வாளியோடு செயலாளரின் மனைவி வந்து நின்றாள். வாளியில் இருந்ததெல்லாம் அவருடைய சட்டைகள்.

"அவங்களை ஏன் திட்டறீங்க? சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கியிருக்கேன். துவைச்சுத் துவைச்சு என் மணிக்கட்டு வீங்கினதைப் பார்த்துட்டு, அவங்களாத்தான் உள்ள கூப்பிட்டாங்க."

செயலாளர் அவள் மணிக்கட்டைப் பார்த்தார்.

"இந்த சோலாருக்காக நீங்க பட்ட பாட்டைப் பார்த்தவ நான். நாலு பேர் முன்னாடி நீங்க தலைகுனியக் கூடாதுன்னுதான் எட்டு மாசமா இங்க வந்து துவைக்கறேன். கட் பண்ணியே ஆகணும்னா, நம்ம வீட்டு லைனைக் கட் பண்ணச் சொல்லுங்க."