சீனியும் சம்பாலும்

அந்தத் தும்மலை அவளுக்குத் தெரியும்.

இரண்டு தும்மல். ஒரு மூச்சு. பிறகு மூன்றாவது, கடையே திரும்பிப் பார்க்கும்படி.

உள்ளே அடுப்பில் பெலாச்சான் வறுபடுகிறது. அந்த இறால் நெடி யாரையும் தும்ம வைக்கும்தான். மெல்பர்னில் அப்படித் தும்முகிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். தனக்குத்தானே இப்படிச் சொல்லிக்கொண்டு, மெனு அட்டையை முகத்துக்கு நேரே தூக்கி, அதன் ஓரமாக எட்டிப் பார்த்தாள்.

அவன்தான்.

இரண்டு மேசை தள்ளி, இவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். எப்போது உள்ளே வந்தான் என்று தெரியவில்லை. முடி குறைந்திருந்தது. பின்கழுத்து தடித்திருந்தது. முன்னால் இந்தோனேசியப் பாடாங் சாப்பாடு, மேசை கொள்ளாமல் சின்னச் சின்னத் தட்டுகளில். நிதானமாகப் பிசைந்துகொண்டிருந்தான். அவசரமே இல்லாத ஆள், எப்போதும்.

மலேசியாவின் கிள்ளானிலிருந்து ஓடி வந்து நான்கு வருடம் ஆகிறது. இடது முழங்கை இன்னும் முழுதாக நீளாது.

அந்தக் கையில் மாவுக்கட்டு போட்டிருந்த நாளில்தான் பக்கத்தில் உட்கார்ந்து, ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னான்.

“நீ எங்க ஓடினாலும் ஒரு ரொட்டிக் கடையில புடிச்சிருவேன்டி.”

அதனால்தான் நான்கு வருடமாக இந்த மாதிரிக் கடை இருக்கிற தெருவுக்கே அவள் வந்ததில்லை. இன்றைக்கு என்ன கேடோ. மகளுக்குப் பள்ளிக்கூடம் போட்டுப் போகச் சப்பாத்து வாங்க வந்த இடத்தில், ரொட்டிக் கல்லில் நெய் காயும் வாசனை வழிமறித்தது. ஒரு தடவைதானே என்றது பாழாய்ப்போன நாக்கு.

மகள் லோஷினி கை கழுவப் போயிருக்கிறாள்.

கை கழுவும் இடம் கடையின் கோடியில், சமையல்கட்டை ஒட்டி. திரும்பி வருகிற வழி, அவன் நாற்காலியை உரசிக்கொண்டு.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. வரும்போது ஐந்து. அப்பா கப்பல் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தாள். குழந்தை இரண்டு தடவை கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. மறந்துவிட்டது, நல்லதாய்ப் போயிற்று என்று அவளும் விட்டுவிட்டாள்.

மறந்திருக்காவிட்டால்?

குழந்தையை அவன் ஒரு நாளும் அடித்ததில்லை. வேலை விட்டு வரும்போது சட்டைப் பையில் மிட்டாய் இருக்கும். பிள்ளை வாசல் வரை ஓடிப்போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்ளும்.

இப்போதும் ஓடினால்? அப்பா என்று ஒரு சொல் போதும்.

போனை எடுத்தாள். கட்டைவிரல் வியர்த்திருந்தது. திரை திறக்க மறுத்தது. வாசல் நாலு எட்டில்தான் இருந்தது. மகளை விட்டுவிட்டு எங்கே போவது?

“முட்டை ரொட்டி ரெண்டு, யாருக்கு?”

ரொட்டி போடுகிறவரின் குரல். இந்தக் கடையில் மணி கிடையாது, எண் கிடையாது. ரொட்டி வெந்ததும் அவர் கத்துவார். கேட்டவர்கள் கை தூக்க வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

அடுத்த தட்டு அவளுடையது.

அவள் சொல்லியிருந்தது வெறும் ரொட்டி. ஒரு பக்கம் சீனி, ஒரு பக்கம் மிளகாய் அரைத்த சம்பால். அப்படிச் சேர்த்துச் சாப்பிடுகிற மனுஷி கிள்ளானிலேயே அவள் ஒருத்திதான். கல்யாணமான வாரமே அவன் அதைச் சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லிச் சிரித்தான். பதினோரு வருடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

தட்டு கல்லில் இடிபடும் சத்தம் கேட்டது. வேண்டாம் அண்ணே, கத்தாதீங்க அண்ணே என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

“வெறும் ரொட்டி ஒன்னு, சீனியும் சம்பாலும் சேர்த்து, யாருக்கு?”

பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

அவள் கை தூக்கவில்லை.

“சீனி சம்பால் யாருங்க?”

அவன் நிமிர்ந்தான். முதலில் ரொட்டிக் கல் இருந்த பக்கம் பார்த்தான். பிறகு கடையின் கோடியிலிருந்து, மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தான். அவசரமே இல்லாமல்.



முதுகுக்குப் பின்னால் சமையல்கட்டுக் கதவு மெல்லத் திறந்தது. ஒரு சின்னக் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

“அம்மா, திரும்பாத. பைய மட்டும் எடு.”

எடுத்தாள். எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. குனிந்தபடி கதவுக்குள் நுழைந்தார்கள். உள்ளே முக்காடிட்ட இந்தோனேசியப் பெண் ஒருத்தி, கரண்டியோடு ஒதுங்கி வழிவிட்டாள். பின்பக்கக் கதவை ஏற்கெனவே திறந்து வைத்திருந்தாள். லோஷினியைப் பார்த்துத் தலையசைத்தாள்.

கடைக்குள் ஒரு நாற்காலி நகர்ந்தது. அவனுடையதா என்று தெரியவில்லை.

சந்தில் கால் வைத்ததும் அவள் ஓடப் பார்த்தாள். லோஷினி இழுத்து நிறுத்தினாள்.

“ஓடாதம்மா. ஓடுனா எல்லாரும் பார்ப்பாங்க.”

மகளின் முகம் வெளுத்திருந்தது. கை மட்டும் விடவில்லை.

“இங்க வழி இருக்குன்னு உனக்கு எப்படிடா தெரியும்?”

“எந்தக் கடைக்குப் போனாலும் மொதல்ல அதத்தான் பார்த்து வைப்பேன்.”

எத்தனை நாளாக என்று அவள் கேட்கவில்லை. தெருமுனை வரை, மகள் சொன்ன வேகத்திலேயே நடந்தாள்.