நாலாவது எலுமிச்சம்பழம்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. கைவேலை அப்படியே இருக்கட்டும். ஒரு எலுமிச்சம்பழம் நசுங்காமல் போன கதை. சின்னக் கதைதான், சீக்கிரம் முடிந்துவிடும்.

அவன் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு, காது கொடுத்து உட்கார்ந்திருந்தான்.

மாலை போட்டாயிற்று. சந்தனம் வைத்தாயிற்று. தண்ணீர் தெளித்து, நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு பழம். பூசாரி வைத்ததை அவனே பார்த்தான்.

யாரோ ஐந்து வருஷம் ஓட்டிய கார்தான். அவனுக்குப் புதுசு. குமாரபாளையத்தில் பதினைந்து வருஷம் விசைத்தறி ஓட்டி வாங்கிய கார்.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். அவன் அம்மா இரண்டு தரம் மணி கேட்டுவிட்டாள்.

எல்லோரும் காருக்கு முன்னால் நின்றார்கள். மைத்துனன் பூபதி செல்போனில் படம் பிடித்தான். மச்சான் கொஞ்சம் சிரிச்சா என்ன, வண்டி பயந்துக்கும் என்றான். அவன் மனைவி, பூபதியின் அக்கா, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

முதல் கியர். கார் ஒரு சாண் நகர்ந்தது.

சளக்.

சளக்.

சளக்.

அவ்வளவுதான்.

அம்மாவின் முகம் சுருங்கியது. ஒரு பழம் நசுங்காமல் நின்றால் ஆகாது, பின்னால் எடுத்து மறுபடி ஏற்று என்றாள். பூபதியும் கையை ஆட்டினான். கோயில் சந்து குறுகல், எப்படியும் பின்னால் எடுத்துத்தான் வெளியே போகவேண்டும், ஒரே வேலையாகப் போகட்டும் என்றான்.

மணி பத்து இருபத்தாறு.

அவன் ரிவர்ஸ் கியர் போட்டான். கால் இன்னும் பிரேக்கில் இருந்தது.

தறிப்பட்டறையில் பதினெட்டுத் தறி ஒன்றாக ஓடும். பக்கத்தில் நின்று பேசினாலும் கேட்காது. ஆனால் ஒரு தறியில் ஒரு அடி விட்டுப்போனால் அவனுக்குக் கேட்டுவிடும். கேட்டதும் நிறுத்துவான். அப்புறம்தான் எழுந்து போய்ப் பார்ப்பான். ஒரே ஒரு தரம் ஓடவிட்டபடியே எட்டிப் பார்த்தான். அதில் போனதுதான் இடது கைச் சுண்டுவிரலில் பாதி.

காரை அணைத்தான். சாவியை உருவினான். இறங்கினான்.

"நேரம் போகுது சாமி," என்றாள் அம்மா.

அவன் ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனான். மூன்று சக்கரத்தடியில் மஞ்சளாய்த் தோல். நாலாவதில், பின்பக்கம் இடது பக்கத்தில், ஒன்றும் இல்லை. தெளித்த தண்ணீரின் ஈரம் மட்டும்.

ஈரத்திலிருந்து சின்னச் சின்னதாய்க் காலடித் தடம். காருக்குப் பின்னால் போயிற்று.

கார் கிழக்கே பார்த்து நின்றது. பின்னால் நிழல் விழுந்திருந்தது.

நிழலில் அவன் மகள், பாப்பா, உட்கார்ந்திருந்தாள்.

தலை பம்பரைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் பழத்தைப் பிடித்துக் கடித்திருந்தாள். ஒரு கண்ணை மூடி, முகத்தைக் கோணலாக வைத்திருந்தாள். அவனைப் பார்த்ததும் பழத்தை நீட்டினாள்.

"புளிக்குதுப்பா."

அவளைத் தூக்கினான்.

அவளோடு முன்பக்கம் வந்தான். பாப்பா பாட்டியிடம் என்று மனைவி நினைத்திருந்தாள். மாமன் தோளில் என்று பாட்டி நினைத்திருந்தாள். அக்கா இடுப்பில் என்று பூபதி நினைத்திருந்தான்.

எல்லோர் கையும் காலியாக இருந்தது.

பூசாரிதான் மெதுவாகக் கேட்டார், இன்னொரு பழம் வைக்கட்டுமா என்று.

"போதுமுங்க," என்றான்.

மூன்று பழத்தோடு கார் வீட்டுக்கு வந்தது. அன்றைக்கு எடுத்த படத்தைப் பூபதி யாருக்கும் அனுப்பவில்லை. கேட்டவர்களுக்கு, சரியா விழலை என்று சொல்லிவிட்டான்.

இப்போது அவன் தினமும் காரில் ஏறும்முன் ஒரு சுற்று சுற்றுகிறான். பின்பக்கம் போனதும் குந்தி உட்கார்ந்து அடியில் பார்க்கிறான். எதிர் டீக்கடையில் அவன் ஒரு வேடிக்கை. கோயிலில் ஒரு நாளும் சுற்றாதவன் காரைச் சுற்றுகிறான் பார் என்கிறார்கள். ஒரு சுத்துப் பத்தாதுங்கண்ணா, மூணாப் போடுங்க என்கிறார்கள். அவனும் கூடச் சிரிக்கிறான். சுற்றுவதை விடவில்லை.

சுற்றி முடித்ததும் வீட்டைப் பார்த்து ஒரு கேள்வி.

"பாப்பா யாருகிட்ட?"

"என்ற இடுப்புல," என்று மனைவியின் குரல் வரும். சில நாள் பாப்பாவே, இங்கதான் என்பாள். அதன் பிறகே சாவி திரும்பும்.

அம்மா அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவனும் கேட்டதில்லை.

ஆனால் ஆணியிலிருந்து சாவி எடுக்கும் சத்தம் கேட்டால் போதும், அடுப்பில் எது இருந்தாலும் விட்டுவிட்டு அவள் வாசலுக்கு வந்துவிடுகிறாள். அவன் வருவதற்கு முன்பே காருக்குப் பின்னால் போய் நிற்கிறாள். கையில் விளக்குமாறு.

விடியக்காலையிலேயே கூட்டிய இடத்தை, மறுபடியும் கூட்டுகிறாள்.

அவன் சுற்றி வரும்போது கொஞ்சம் ஒதுங்கி வழி விடுகிறாள்.

கேட்ட நீங்க நல்லா இருக்கணும். உங்க வாசலில் நிற்கிற வண்டிக்குப் பின்னால் என்றைக்கும் வெறும் நிழல் மட்டுமே இருக்கட்டும். உங்க வீட்டுச் சின்னக் கால்களெல்லாம் பெரிய கால்களாகி, அந்த வாசலிலேயே நடக்கட்டும்.