ஓடலாம் என்றார் டாக்டர்

"இனி ஓடலாம்" என்று டாக்டர் கோமளா சொல்லி முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார்.

எக்ஸ்ரேயை உறையில் போட்டுக்கொண்டு நான் வெளியே வந்தபோது, கிளமென்ட் ஆர்.எஸ்.புரம் நடைபாதையில் ஓடிக்கொண்டிருந்தார்.

முப்பத்தேழு வயதுக்குள் இடுப்பு மூட்டு முழுக்கத் தேய்ந்துபோனவர். மூட்டு முழுவதையும் மாற்ற வேண்டும் என்றுதான் இரண்டு இடங்களில் சொன்னார்கள். கோமளா மட்டும் படத்தை நெடுநேரம் பார்த்தார். சின்ன வயசு, எலும்பு உறுதியாக இருக்கிறது, தொடை எலும்பின் பந்தை வெட்டி எறிய வேண்டாம், தேய்ந்த மேற்பரப்பைச் சீவிவிட்டு உலோகத் தொப்பி மாட்டலாம் என்றார். பின்னால் தேவைப்பட்டாலும் எலும்பு மிச்சம் இருக்கும்.

துடியலூரில் லேத் பட்டறை வைத்திருப்பவருக்கு அது உடனே பிடித்துப்போயிற்று.

"சாஃப்ட்டை உட்டுப்போட்டு தேஞ்ச புஷ்ஷை மட்டும் மாத்தறாப்பலயுங்களா டாக்டர்?"

அது போன வருடம்.

இன்று அவர் ஓடுகிற அழகைப் பார்க்கச் சகிக்கவில்லை. முழங்கைகள் இரண்டும் கோழி இறக்கை மாதிரி அடித்துக்கொண்டன. இளநீர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் ஓடினார்.

பின்னாலேயே ஓடிய என்னைப் பார்த்து ஒரு ஆட்டோக்காரர் பதறி இறங்கினார். "ஏனுங்க, திருடனுங்களா?"

"இல்லீங்க, எங்க ஊட்டுக்காரருங்க!"

சிரிப்பில் எனக்கு மூச்சு முட்டியது.

"புடி பாக்கலாம், டீனா!" என்று அவர் திரும்பிக் கத்தினார்.

உறையை ஆட்டோக்காரர் கையில் திணித்தேன். புடவையைத் தூக்கிச் செருகினேன்.

நகைக்கடை வாசலில் அவரைத் தாண்டினேன். சிக்னல் வரைக்கும் நிற்கவேயில்லை.

திரும்பிப் பார்த்தால், பாதி வழியில் வாய் பிளந்து நின்றுகொண்டிருந்தார்.

"அம்மணி, நீ இப்புடி ஓடுவியா?"

என் அம்மா வீட்டுப் பீரோவில், துணிகளுக்கு அடியில், நானூறு மீட்டர் ஓட்டத்தில் மாநில அளவில் நான் வாங்கிய மூன்று பதக்கங்கள் கிடக்கின்றன.

எட்டு வருடங்களுக்கு முன், அவர் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று காலையில், அவை முன்னறைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து அவர் எங்கள் வாசலுக்கு நடந்து வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்ததுமே பிடித்துவிட்டது.

அவர் உள்ளே வருவதற்குள் மூன்றையும் கழற்றிவிட்டேன்.