தக்காளியின் பங்காளி

"இந்த வீட்டுல சிகரெட் பிடிக்கிறவங்க யாரு சார்?"

தக்காளி இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே நாற்றுக் கடைக்காரர் கேட்டார். மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்திலேயே மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"செடியைப் பார்க்கக் கூப்பிட்டா மனுஷனை விசாரிக்கிறீங்களே?" என்று சிரித்து மழுப்பினார்.

"காரணம் இருக்கு சார். இலையெல்லாம் திட்டுத் திட்டா மஞ்சளாயிருக்கு பாருங்க. இது வைரஸ். புகையிலையும் தக்காளியும் ஒரே குடும்பம், பங்காளிங்க மாதிரி. அதுல இருக்கிற நோய், சிகரெட் பிடிச்ச கை வழியா இதுக்குத் தொத்திக்கும்."

"இங்க யாருங்க பிடிக்கிறா?" என்றாள் மனைவி. "இவர் விட்டே ரெண்டு மாசம் ஆகப்போகுது. இல்லைங்க?"

"ஆமாமா!" மாஸ்டர் தலையாட்டிய வேகத்தில் கழுத்து சுளுக்கிக்கொள்ளாமல் இருந்ததே பெரிய விஷயம்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் என்பதால் அவர் எல்லோருக்கும் மாஸ்டர். இருமல் முற்றி டாக்டர் எச்சரித்த அன்று, இனி தொடுவதில்லை என்று மனைவிக்கும் மகளுக்கும் வாக்குக் கொடுத்தார். "மறுபடி பொய் சொன்னீங்கன்னா, இந்த வீட்டுல உங்க பேச்சுக்கு மதிப்பே கிடையாது" என்று மனைவி அப்போதே கறாராகச் சொல்லிவிட்டாள். வாக்கு ஒரு வாரம் தாங்கியது. அப்புறம் மொட்டை மாடிக்குப் போக ஒரு சாக்கு தேவைப்பட்டது. தக்காளித் தொட்டிகள் வந்ததே அதற்காகத்தான்.

செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாகச் சொல்லிவிட்டு மேலே போவார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று ஒன்றைப் பற்றவைப்பார். கிராம்பை மென்றுகொண்டே இறங்குவார். இந்த வயதில் பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒளிந்து நிற்கிறோமே என்று அவருக்கே வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் சாக்குக்கு வைத்த செடி பூ விட்டதுதான் வினையாகிவிட்டது. மாஸ்டர் அதன்மேல் பைத்தியமாகிவிட்டார். மண்ணைத் தொடும் இலைகளைக் கிள்ளுவார், குச்சி நட்டுக் கட்டுவார், இலை நனையாமல் வேருக்கு மட்டும் தண்ணீர் விடுவார். காற்றோட்டத்துக்காகத் தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வைப்பார். மகளைப் பள்ளியில் விட மறந்த நாள்கூட உண்டு, செடியைப் பார்க்க மறந்த நாள் கிடையாது.

"தண்ணித் தொட்டி கழுவ ஒருத்தன் வந்தானே, அவனாத்தான் இருக்கும்," என்று மாஸ்டர் இப்போது இல்லாத ஆளின் தலையில் பழியைப் போட்டார்.

"எவனா இருந்தாலும் சரி," மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "திருட்டுத்தனமா மாடியேறி, பச்சைப் பிள்ளை மாதிரி இருக்கிற செடியை நாசம் பண்ணியிருக்கானே, அவனுக்குக் கொஞ்சமாவது சூடு சொரணை இருக்குமா?"

"இருக்காது," என்றார் மாஸ்டர் ஈனசுரத்தில். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பினார். "செடி பிழைக்குமா?"

"இந்த மருந்தை வேர்ல போடுங்க. ஆனா சிகரெட் பிடிச்ச கை செடிமேல படவே கூடாது. சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவணும், வாய் கொப்பளிக்கணும், சட்டையை மாத்தணும். அப்புறம்தான் கிட்டயே வரணும். அந்த ஆள்கிட்ட கண்டிப்பாச் சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்."

அன்று மாலையே குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று அந்த ஆளிடம் சொல்லவும் செய்தார்.

மறுநாளிலிருந்து பெரும் பாடாகிவிட்டது. ஒவ்வொரு சிகரெட்டுக்கும் ஒரு சோப்பு வைபவம், ஒரு புதுச் சட்டை. "என்னங்க, சட்டை சட்டையா துவைக்கப் போடுறீங்க?" என்று மனைவி கேட்டாள். "வேர்வை" என்றார். கையில் தோல் உரிந்தது. இவ்வளவு கழுவ வேண்டுமா என்ற சலிப்பிலேயே சிகரெட் குறைந்துகொண்டு வந்தது.

ஒரு நாள் காலை, பழுத்த இலைகளுக்கு மேலே புதுத் தளிர் பச்சைப் பசேலென்று எட்டிப் பார்த்தது. தொட்டுப் பார்க்கக் கை பரபரத்தது. ஆனால் விரலில் புகை வாடை. நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார். பாக்கெட்டைக் கசக்கிக் குப்பையில் எறிந்தார். அதன் பிறகு சிகரெட்டைத் தொடவே இல்லை.

செடிகள் கொத்துக் கொத்தாகக் காய்த்தன. முதல் பறிப்பில் ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு நாற்றுக் கடைக்குப் போனார் மாஸ்டர்.

"நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன். வைரஸ் ஓடியே போச்சு!" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, அந்தத் திருட்டுப் பய நான்தான். இப்ப விட்டுட்டேன். இருமல்கூட நின்னுபோச்சு. ஆனா பாருங்க, என் வீட்டுக்காரிக்கு இன்னிக்கு வரைக்கும் ஒண்ணுமே தெரியாது. அப்படி மறைச்சிருக்கேன்!"

கடைக்காரர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

"கோவிச்சுக்காதீங்க சார். வைரஸ் வந்த தக்காளிச் செடி தேறவே தேறாது. வேரோட பிடுங்கிப் போட வேண்டியதுதான்."

"என் செடி தேறிடுச்சே?"

"அதுக்கு வந்தது வெறும் சத்துக்குறை. நான் கொடுத்த மருந்தும் சாதாரண உரம்தான்."

"பின்ன எதுக்கய்யா என்னை சோப்பும் கையுமா அலைய விட்டீங்க?"

"நான் செடி பார்க்க வர்றதுக்கு முந்தின நாளே உங்க வீட்டம்மா கடைக்கு வந்து சொல்லிட்டுப் போனாங்க சார். 'எனக்காக விடமாட்டாரு, பொண்ணுக்காகவும் விடமாட்டாரு. தக்காளிக்காகன்னா விட்டாலும் விடுவாரு, கொஞ்சம் சொல்லிப் பாருங்கண்ணே'ன்னு!"