வலப்பக்கம்

வண்டி மறுபடியும் வலப்பக்கம் இழுத்தது.

கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, மனைவியின் அண்ணன், மெக்கானிக் சோலைராஜன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான்.

சோலைராஜனோடு பேச்சு குறைந்திருந்தது. அவள் செத்த அன்று தொடங்கியது.

அன்று சுடுகாட்டில் கொள்ளிக்குடம் உடைத்தபோதும் இவன் அழவில்லை. "கல்லு கணக்கா நிக்கிறாரு பாரு." சோலைராஜன் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அதற்கும் கோபம் வரவில்லை.

கல்லூரியில் உளவியல் படித்தவன்.

துக்கம் வந்து நாம் அழுவதில்லை. உடம்பு முதலில் அழுகிறது. அதைப் பார்த்துத்தான் மனம் துக்கப்படுகிறது. அப்படியும் ஒரு கோட்பாடு உண்டு.

ஒரு மத்தியானம் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தான். கண்ணீர் தாடைவரை வழிந்தது.

உள்ளே ஒன்றும் நடக்கவில்லை.

வெங்காயத்தைக் குழம்பில் போட்டுச் சாப்பிட்டான்.

அவள்மேல் தனக்கு ஆசையே இருந்ததில்லையோ? அந்தச் சந்தேகம் மட்டும் கூடவே இருந்தது. இரண்டு வருடம் ஒரே பாயில் படுத்தவன். இது எப்படித் தெரியாமல் போகும்?

சோலைராஜன் வண்டியை வாங்கித் தெருமுனைவரை ஓட்டிவிட்டு வந்தான்.

"வண்டியில ஒண்ணுமில்ல மாப்ள. அம்பு கணக்கா போகுது. நீங்க ஓட்டுங்க, பாப்போம்."

ஓட்டிக் காட்டினான்.

சோலைராஜன் சிரித்துவிட்டான். "வண்டியக் குத்தம் சொல்றீங்களே! நீங்கதான் வலது பக்கமாச் சாஞ்சு உக்காந்திருக்கீங்க. பின்னாடி என்னமோ அவ உக்காந்து..."

சிரிப்பு நின்றது.

சேலை கட்டிக்கொண்டு இடப்பக்கமாகக் கால் போட்டுத்தான் அவள் உட்காருவாள். பாரம் அந்தப் பக்கம் இறங்கும். ஈடுகட்ட இவன் இந்தப் பக்கம் சாய்வான். சாய்வது அவனுக்கே தெரியாது.

சோலைராஜன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நிமிந்து உக்காருங்க மாப்ள. சரியாப் போயிரும்."

நிமிர்ந்தான்.

வண்டி நேராகப் போனது.

நாலு வீடு தாண்டுவதற்குள் கண்ணீர் தாடைவரை வழிந்தது. பிறகு தோள்கள் குலுங்கின. கை பிரேக்கைப் பிடித்தது. எதற்கென்று அவனுக்குத் தெரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

தெரிந்துவிட்டது.

சோலைராஜன் செருப்பில்லாமல் ஓடிவந்தான். வண்டி சரிந்துவிடாமல் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.