முள்ளம்பன்றி போட்ட மைதானம்

ஒரு காடு இருந்ததாம், அந்தக் காட்டுக்குக் கால்பந்து என்றால் உயிராம். புதர் வெட்டி மைதானம் போட்டது முள்ளம்பன்றி. அதனால் சங்கத்துக்கு அதுவே தலைவர். எத்தனை வருஷம் போனாலும் அதுவே தலைவர்.

ஆட்டத்துக்கு முன்னால் தலைவர் மைதானத்தில் இறங்கி எல்லாருக்கும் கை கொடுக்கும். பெருமையில் உடம்பு ஒருமுறை சிலிர்க்கும். ஆட்டம் தொடங்கினால் பந்து வெடிக்கும். "எவனோ சதி பண்றான்" என்று குரங்குக்குத் தடை போட்டது, பிறகு நரிக்கும்.

இறுதி ஆட்டத்துக்கு மிச்சமிருந்தது ஒரே பந்து. கை கொடுத்துவிட்டுத் திரும்பிய தலைவர், பின்னாலேயே முயல் குனிந்து எதையோ பொறுக்குவதைப் பார்த்தது.

"என்னப்பா அது?"

"குப்பை, தலைவரே."

"காட்டு."

முயல் தயங்கிக் கையை விரித்தது. கறுப்பும் வெள்ளையுமாக நாலைந்து முள்.

முள்ளம்பன்றி அதில் ஒன்றை எடுத்துத் தன் உடம்பு முள்ளோடு வைத்துப் பார்த்தது. "ஏம்ப்பா, ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லலையே?"

"நரி சொல்லிச்சே தலைவரே. அதுக்குத்தானே தடை போட்டீங்க."

"அதைக் கூப்பிடு. குரங்கையும் கூப்பிடு. ஆடட்டும்" என்று சொல்லிவிட்டு, கோட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டது.

அன்றைக்குப் பந்து வெடிக்கவில்லை. ஜெயித்த முயல் ஓடிவந்தது. "உள்ள வாங்க தலைவரே."

"இங்கேருந்தே நல்லாத் தெரியுதுப்பா."

எல்லாரும் கலைந்துபோனார்கள். கடைசியாக முள்ளம்பன்றியும், மைதானத்தை மிதிக்காமல் ஓரமாகவே சுற்றி வீட்டுக்கு நடந்தது.