வேல்விழியின் கட்டைவிரல்

இடுப்பொடிந்து கிடக்கும் ஆதிலட்சுமியைப் பார்த்துக்கொள்ள வேல்விழி என்ற பெண்ணை அழைத்து வந்திருந்தான் ஏஜென்சிக்காரன் பாண்டியன். வேலையில் சேர்க்கும் முன் ஆதார் மெஷினில் கைரேகை பார்க்க வேண்டும். வேல்விழி கட்டைவிரலை எத்தனை முறை துடைத்து வைத்தாலும் மெஷினில் காவியாவின் பெயரும் படமுமே வந்தன. காவியா ஆதிலட்சுமியின் மகள். பீங்கான் கம்பெனியில் மண் தேய்த்தவள். போன ஆடியில் செத்துப்போனாள்.

பாண்டியன் மெஷினை அணைத்துப் பைக்குள் திணித்தான். "இந்தப் பொண்ணு வேணாம்மா. வேற ஆளு அனுப்புறேன்."

"எதுக்கு?" என்று எகிறினாள் ஆதிலட்சுமி. "மண்ணு தேய்ச்சே ரேகை அழிஞ்சுபோன எம் பொண்ண, ரேஷன் கடையில எத்தினி தடவ திருப்பி அனுப்புனாங்க! இப்பவாச்சும் மெஷினு அவள ஒத்துக்கிச்சே. இவளே இருக்கட்டும். நீ கெளம்பு."

அதற்குள் வேல்விழி, யாரும் காட்டாமலே, பரண்மேலிருந்த காவியாவின் காதுடைந்த கோப்பையை எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.